பலகைக்குக் கட்டின பாவாட

எனக்கு ரெண்டாங்கிளாசு வர படிப்பு. அந்த ரெண்டாங்கிளாசையும் மூணு வருசம் படிச்சேன். அவ்வளவு ஆழமாப் படிச்சவன் எங்க ஊர்ல வேற கெடையாது. அதனால இதுல புத்திமதி ஏதாவது கெடைக்கும்ணு நெனச்சு யாரும் வராதீங்க. எனக்கிட்ட இருக்கது கோவம் மட்டும்தான். அதுவும் ஒரு பலகையால வந்த கோவம்.

வீட்டுக்க மேக்குப் பக்கம், ஓட்டுக்க ஓரத்துல, கழுக்கோல் முனையெல்லாம் மறைச்சு நீளமா ஒரு பலக அடிச்சிருக்கும். ஓட்டு வீட்ல இருக்கவங்களுக்குத் தெரியும். காங்கிரீட்டு வீட்டுக்காரங்களுக்காகச் சொல்லுறேன். ஓடு இருக்கது பட்டியல் மேல, பட்டியல் இருக்கது சரிச்சு வச்ச கழுக்கோல் மேல. அந்தக் கழுக்கோலுக்க முனையில மழ அடிச்சுட்டே இருந்தா, பல்லு குத்துன குச்சி மாதிரி நாரு நாராப் பிரிஞ்சு போவும். அப்புறம் கடைசி வரி ஓடு எறங்கும். ஓடு எறங்குனா வெள்ளம், அதான் மழத்தண்ணி, நேரா செவத்துல. எங்க வீடு அப்பா காலத்து வீடு, செங்கல்ல மண்ணு வச்சுக் கட்டி மேல சுண்ணாம்பு பூசுனது. ஊறுனா சாயாவுல முக்குன ரஸ்க்குதான். வைகாசிப் பாதியில தொடங்குற எடவப்பாதி மழ கடல்லருந்து காத்தையும் கூட்டிட்டு வரும்போ, அதுக்கும் செவத்துக்கும் நடுவுல நிக்கிறது அந்த ஒரு சாண் பலகதான்.

எங்க அப்பா போட்டது அயனி மரத்துப் பலக. வருசத்துக்கு ஒருக்கா, மேடமாச வெயில்ல, அதாவது சித்திரையில, எறவாரத்துல அடஞ்சு கெடக்க சருகையெல்லாம் வாரிப் போட்டுட்டு, பலகைக்கு அண்டித்தோட்டு எண்ண போடணும். முந்திரிக்கொட்டத் தோட்டுல ஆட்டி எடுக்கிற கறுத்த எண்ண. கையில பட்டா தோலு உரிஞ்சிரும், ஆனா கறையான் கிட்ட வராது. அப்பாக்குப் பொறவு அந்த வேலய எனக்க அண்ணன் செஞ்சான். பத்து வருசம் கல்ஃப்ல சாரம் கட்டுற வேல பாத்தவன். ஒரு வீட்டு ஏணியில ஏறுறதுக்கே 'சேஃப்டி, சேஃப்டி'ண்ணு நாலு தரம் சொல்லுவான். நான் ஏணியைப் பிடிச்சுட்டு கீழ நின்னு கொட்டாவி விடுவேன். அதுதான் பராமரிப்புல எனக்க பங்கு.

அப்புறம் பாகம் வச்சோம். வடக்க பாதி அவனுக்கு, தெக்க பாதி எனக்கு. நடுவுல உள்ள வாசலக் கல்லு வச்சு அடச்சாச்சு. கெணறு பொது, பிலாமரம் பொது. அந்தப் பலகைய மட்டும் ஆதாரப் பத்திரத்துல யாரும் எழுதல்ல. நாப்பது அடி ஒத்தப் பலக, ரெண்டு வீட்டுக்க நெத்தியிலயும் ஒரே கோடாக் கெடந்துது. நான் ஏறி, நேரா எல்லைக்கு மேல வாற எடத்துல கத்தியால ஒரு கீறு கீறி வச்சேன். இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. அந்தக் கீறலைப் போடும்போ எனக்கு இருந்த பெருமையப் பாக்கணுமே, ரெண்டு ராச்சியத்துக்கு எல்ல வகுத்தவன் மாதிரி நின்னேன்.

எனக்கு வேல ரப்பர் மரத்துல பால் வெட்டு. மழக்காலத்துல வெட்டு நிக்காம இருக்க, மரத்தச் சுத்தி வெட்டுக்கு மேல தாரு தேச்சு பிளாஸ்டிக் ஷீட்ட கொசுவம் வச்சு ஒட்டுவோம். நாங்க பாவாடண்ணுதான் சொல்லுவோம். மழ வெள்ளம் பாவாடைக்கு வெளிய கூடி வழிஞ்சு போவும், வெட்டுன எடம் காஞ்சு கெடக்கும். வருசத்துக்கு நானூறு மரத்துக்குப் பாவாட கட்டுறவன் நான். எனக்க பொண்டாட்டிக்கு எத்தன பாவாட எடுத்துக் குடுத்தேன்ணு கேட்டா, அது வேற விசயம்.

அப்பம்தான் அந்த மகா புத்தி வந்துது. நானூறு மரத்துக்கு கட்டுறவன் ஒரு பலகைக்குக் கட்ட மாட்டனா? வருசா வருசம் எண்ண தேச்சுக் கையப் பொள்ளிக்க வேண்டாமே. மிச்சம் கெடந்த ஷீட்டையும் தாரையும் எடுத்துட்டு ஏறுனேன். கடைசி வரி ஓட்டுக்கு அடியில மேல் ஓரத்த ஒட்டி, பலகைக்கு முன்னால தொங்க விட்டு, அடியில மடக்கி, பின்னால கொண்டுபோய் ஆணி அடிச்சேன். பலகைய அப்பிடியே பொதிஞ்சாச்சு. தெக்க முனையில இருந்து எனக்க கீறல் வர. கீறல் வந்த எடத்துல ஷீட்ட நேரா அறுத்தேன். ஒரு விரக்கட கூட அவனுக்கப் பக்கம் போயிரப்பிடாதுண்ணு கண்ண இடுக்கிட்டு அறுத்தேன். ஓசியில அவனுக்கப் பலக ஒரு அங்குலம் நனையாம இருந்துரப்பிடாதுல்லா.

மறுநாள் திருவட்டாறு ரோட்டுல உள்ள சாயா கடயில, பத்து பேருக்கு முன்னால அண்ணன் சொன்னான், அத அவுத்துரு, மரத்துக்குக் காத்துப் படணும், இல்லேண்ணா உள்ள இருந்து உளுக்கும்ணு. அதோட நிறுத்தியிருந்தா நான் கேட்டிருப்பனோ என்னவோ. "இவனுக்கு நிக்கிற மரத்துக்கும் அடிச்ச மரத்துக்கும் வித்தியாசம் தெரியாது" அப்பிடீண்ணு ஒரு வார்த்தையும் சேத்தான். கட பூரா சிரிச்சுது. சாயா அடிக்கிறவன் சிரிச்ச சிரிப்புல பாதி சாயா கீழ போச்சு. ஊர்ல எல்லாரையும் நக்கல் பண்ணுறது நான். என்ன வச்சு வேற ஒருத்தன் சிரிப்பு வாங்குனா அது எனக்குத் தாங்காது. அண்ணைக்கு நிறுத்துன பேச்சு, நாலு வருசம்.

பேச்சு நின்னாலும் சண்ட நிக்கல்ல. நான் சொல்ல வேண்டியத எங்க வீட்டுக் கோழிகிட்டச் சொல்லுவேன். அவன் சொல்ல வேண்டியத அவனுக்கப் பசுமாட்டுக்கிட்டச் சொல்லுவான். ரெண்டு பேருக்க வாசலுக்கும் இடையில வீட்டு முன்னால பதினஞ்சு அடி முத்தம், அதனால சத்தமாத்தான் சொல்லணும். அந்தக் கோழிக்கு எங்க குடும்ப விவகாரம் பூரா தெரியும். கோர்ட்டுல சாட்சிக்கு நிறுத்தலாம்.

முதல் வருச மழையில அண்ணனுக்க மேக்குச் செவரு நனஞ்சுது. எனக்கச் செவரு காஞ்சு கெடந்துது. எனக்கு வந்த சந்தோசத்தச் சொல்ல வெக்கமா இருக்கு, ஆனாலும் சொல்லுறேன், அண்ணைக்கு நான் கோழிக்குப் புழுங்கலரிசி போட்டேன். "பாத்தியா, எண்ண போட்ட பலக ஒழுகுது, பிளாஸ்டிக் போட்ட பலக கம்பீரமா நிக்குது" அப்பிடீண்ணு கோழிகிட்டச் சொன்னேன். அண்ணன் மாட்டுக்கிட்டச் சொன்னான், வெள்ளம் வாறது அந்த எல்லையில இருந்து, பிளாஸ்டிக்குக்க உள்ள இருந்துண்ணு. நான் கோழிகிட்டச் சொன்னேன், அப்பிடி இருந்தா எனக்கச் செவருல்லா மொதல்ல நனையணும்ணு. எவ்வளவு பெரிய வக்கீல் பாருங்க. ரெண்டாங்கிளாசு.

அவன் ஏறிப் பாக்க முடியாது. கல்ஃப்ல இருந்து வரும்போ முட்டுவலியையும் கொண்டு வந்தான், ரெண்டு முட்டும் மடங்காது. ஒரு நீள மூங்கில் கம்புல தென்னமட்டயக் கட்டி, எண்ணயில முக்கி, கீழ நின்னுட்டே அவனுக்கப் பாதிக்கு பூசுவான். அடுத்த வருசம் ஒரு ஆசாரியக் கூட்டிட்டு வந்தான். ஆசாரி ஏணி சாத்தி, எல்லைக்கிட்ட உள்ள பிளாஸ்டிக்க ஒரு முழம் அவுத்துப் பாத்தாத்தான் தெரியும்ணு சொன்னாரு. நான் பால் வெட்டுற கத்தியோட முத்தத்துல வந்து நின்னேன். எனக்கப் பிளாஸ்டிக்குல எவன் கை வச்சாலும் கைய அறுத்துருவேன்ணு சொன்னேன். கோழிகிட்டயில்ல, நேரா. ஆசாரி ஏணியத் தோள்ல தூக்கிட்டுப் போயிட்டாரு. நல்ல மனுசன். என்னப் பாத்து, "உனக்கு வீடு தேவையில்ல, ஒரு கோழிக்கூடு போதும்" அப்பிடீண்ணு மட்டும் சொல்லிட்டுப் போனாரு.

இப்பிடி நாலு மழக்காலம். ஒவ்வொரு மழைக்கும் அவன் செவத்துல சுண்ணாம்பு ஒரு அடி மேல வர ஊதிப் பொரிஞ்சு போவும். வெயில் வரும்போ காயும், அவன் மறுபடி பூசுவான். நான் கோழிகிட்டப் பேசுவேன்.

இந்த வருசம் அவனுக்க மக பிரசவத்துக்கு வந்தா. ஒரே மக. அவளத் தூக்கி வளத்ததுல எனக்கும் பங்கு உண்டு, சண்டைக்கு முன்ன. முதல் பிரசவம், தாய்வீட்ல தொண்ணூறு நாள் கெடக்கணும். அந்த வீட்ல காத்து வாற மாதிரி, வாசல் அடைக்கிற மாதிரி உள்ள ஒரே அற மேக்கு அறதான். அந்த நனஞ்ச செவரு உள்ள அற. ஆண்பிள்ள. சித்திரப் பாதியில பொறந்துது. பொறந்த பொறவு எங்க மைனிக்கு, அதாவது அண்ணனுக்கப் பொண்டாட்டிக்கு, ஒரே கவல மழ வந்தா அந்தச் செவரு என்னாவும்ணுதான். எனக்கப் பொண்டாட்டிக்கும் அதே கவல. எங்க வீட்டுப் பொம்பளையளு ரெண்டும் ஒரு நாளும் பேச்ச நிறுத்தல்ல. நாங்க ரெண்டு ஆம்பளையளு மட்டும்தான் மிருகங்ககிட்டப் பேசுனது.

கொழந்தைக்கு இருவத்திரெண்டு நாள் இருக்கும்போ, ஒரு கோட மழ பெஞ்சுது. மறுநாள் காலையில செவத்துல ஒரு சம்மணம் போடுற அளவுக்குப் பூச்சு கழண்டு விழுந்துது. கட்டிலுக்கு ஒரு முழம் தள்ளி. எனக்கப் பொண்டாட்டி ஓடிப் போய்ப் பாத்துட்டு வந்து ஏசுனா, நீங்க ரெண்டு பேரும் மனுசங்களாண்ணு. நான் முத்தத்துல போய், பலகைய நோக்காம விட்டா இப்பிடித்தான் ஆவும்ணு கோழிகிட்டச் சொன்னேன்.

அப்பம் அண்ணனுக்க மக, அந்தப் பிள்ளயே வெளிய வந்தா. தோள்ல கொழந்த. பிரசவிச்ச பொண்ணு அப்பிடி முத்தத்துல எறங்கப்பிடாது, எறங்கிட்டா. கோழிக்கும் எனக்கும் நடுவுல வந்து நின்னா.

"சித்தப்பா, கோழிகிட்டப் பேசுனது போதும். அப்பாக்கு முட்டு வய்யாது. ஏறிப் பாத்துச் சொல்லுங்கோ, இந்தச் செவரு நிக்குமா, நான் பிள்ளையத் தூக்கிட்டு வேற எங்கயாவது போவணுமா."

ஏறுனேன். அவளுக்காக ஏறுனேண்ணு சொன்னா அது பொய்யி. அவனுக்கப் பலக எவ்வளவு கேவலமாக் கெடக்குண்ணு மேல நின்னு ஊருக்கே சொல்லணும்ணுதான் ஏறுனேன். அண்ணன் பிலாமரத்துக்கடியில பிளாஸ்டிக் நாற்காலியில இருந்தான். மைனி வாசல்ல. எனக்க வீட்டுக்காரி ஏணியப் பிடிச்சுட்டு நின்னா.

வடக்க முனையில இருந்து தொடங்குனேன். கத்தியால பலகைய ஒரு குத்து. கத்தி திரும்பி வந்துது. கருங்கல்லு மாதிரி. ஏணிய நகத்தி மறுபடியும் ஒரு குத்து. டொக்குண்ணு சத்தம். ஏழு எடத்துல குத்துனேன். நாலு வருசமாக் கீழ இருந்து மட்டயால பூசுன எண்ண, ஒவ்வொரு நார்லயும் எறங்கியிருக்கு. எனக்கு ஒரு சின்ன உளுப்பு கெடச்சாப் போதும், ஒரு கறையான் புத்து கெடச்சாப் போதும். கெடைக்கல்ல. அந்தக் கீறல்கிட்ட வந்தேன். குத்துனேன். கத்தி பிடி வர உள்ள போச்சு.

வெளிய எடுத்தப்பம் கத்தியில ஒட்டிட்டு வந்தது மரமில்ல, புட்டு. எனக்கப் பக்கம் பிளாஸ்டிக்க விரலால விலக்கிப் பாத்தேன். உள்ள வெள்ளம் கெட்டிக் கெடக்கு. மழ பெஞ்சு ஒரு நாள் ஆச்சு, இன்னும் கெடக்கு. நான் அடியில மடக்கி ஆணி அடிச்சேன்லா, அது பாவாட இல்ல, தொட்டி. மரத்துல பாவாட கட்டுனா கீழ தெறந்து கெடக்கும், வெள்ளம் விழுந்துரும். நான் குறுக்க கெடக்க பலகைக்குக் கட்டி அடியையும் அடச்சேன். ஓட்டு இடுக்குல வந்த வெள்ளம் பூரா அதுல எறங்கி, வீட்டுக்க வடக்க மூல கொஞ்சம் தாந்துருக்கதால வடக்க ஓடி, நான் கண்ண இடுக்கிட்டு நேரா அறுத்த அந்த வாயில வந்து கொட்டியிருக்கு. மேக்குக் காத்து அதத் தூக்கி அண்ணனுக்கச் செவத்துல அடிச்சிருக்கு. நாலு வருசமா அவன் வீட்டுக்கு நான் குழா வச்சுக் குடுத்துருக்கேன். உள்ள கொசுப்புழு நெளியுது. ஒரு குட்டித் தவள என்னப் பாத்துட்டு இருந்துது. இத்தன வருசத்துல எனக்க வேலைய ஒத்துக்கிட்ட ஒரே உயிரு அதுதான்.

கீழ இருந்து பிள்ள கேட்டா, என்ன சித்தப்பாண்ணு.

நான் இப்பமும் அந்த ஏணியில நிக்கிறதாத்தான் சொப்பனம் வருது. ஒரு வார்த்த, அவ்வளவுதான். எனக்கத் தப்பு மக்களே, நீ பிள்ளையத் தூக்கிட்டு எங்க வீட்டுக்கு வா. சொல்லியிருக்கலாம். அண்ணன் நாற்காலியில இருந்து என்னையே பாத்துட்டு இருந்தான். அவனுக்க முகத்துல சிரிப்பு இருந்தா கூட நான் தாங்கியிருப்பேன், அதுவும் இல்ல.

"எல்லைக்கிட்ட கொஞ்சம் உளுத்துருக்கு. திங்கக்கெழம ஆசாரியக் கூட்டிட்டு வாறேன். அது வர செவரு நிக்கும்."

இதுதான் நான் சொன்னது. செவரு நிக்கும்ணு. எஞ்சினியரு மாதிரி.

எனக்கக் கணக்கு வேற. வெள்ளிக்கெழம கொழந்தைக்கு ஊசி போட எல்லாரும் ஆசுபத்திரிக்குப் போவாங்க. அப்பம் ஏறி, பிளாஸ்டிக்க அவுத்து, தோட்டத்துல கொண்டு போட்டுட்டு, திங்கக்கெழம ஆசாரிகிட்ட மொத்தப் பலகையும் உளுத்துப் போச்சுண்ணு சொல்லி மாத்திரலாம். ஒருத்தனுக்கும் தெரியாது. மானம் காப்பாத்தியாச்சு. செவரு ஒரு நாலு நாளு பொறுக்காதாண்ணு நெனச்சேன். அண்ணைக்கு ராத்திரி நல்லா ஒறங்குனேன் வேற. இத நெனச்சாத்தான் எனக்கு என்னையே ஓங்கி ஒண்ணு குடுக்கணும் போல இருக்கு.

வியாழக்கெழம மத்தியானம் மழ பிடிச்சுது. எடவப்பாதி பத்து நாள் முன்னாலயே வந்துட்டுது. கடல்லருந்து வந்த காத்துல பிலாமரம் ஒரு பக்கமாச் சாஞ்சுட்டு நின்னுது. நான் வாசல்ல நின்னு பாத்தேன். எல்லையில இருந்து வெள்ளம் கை மொத்தத்துல கொட்டுது, செவத்துல நேரா அடிக்குது. இப்பம் எங்கருந்து வருதுண்ணு எனக்குத் தெரியும். ஏணிய எடுத்தேன். எடுத்துட்டு, எல்லாரும் பாப்பாங்களேண்ணு ஒரு நிமிசம் நின்னேன். அந்த ஒரு நிமிசத்துல செவரு போச்சு.

பெரிய சத்தமெல்லாம் இல்ல. ஈரமண்ணக் கூடையில வச்சுக் கவுத்துனது போல, தொப்புண்ணு. சன்னலுக்குக் கீழ ஆறடி அகலத்துக்குச் செவரு உள்பக்கமா சரிஞ்சு விழுந்துது.

நான் ஓடுன ஓட்டத்துல இடுப்புல கெட்டின முண்டு அவுந்தது கூடத் தெரியல்ல. உள்ள கட்டில்ல செங்கலும் மண்ணும். நான் மண்ணக் கையால வாருறேன், பிள்ளையக் கூப்பிடுறேன், என்ன சத்தம் போட்டேண்ணு எனக்குத் தெரியாது. பின்னால ஒரு கை வந்து எனக்கத் தோளப் பிடிச்சு இழுத்துது. மைனி. அவ மாருல கொழந்த. பிள்ளைக்கு பச்சில போட்டுக் காய்ச்சின வேது வெள்ளம் ஊத்திக் குளிப்பாட்ட பின்னால கூட்டிட்டுப் போயிருந்தாங்க, கொழந்தைய அடுப்பங்கரையில தூங்கப் போட்டிருந்தாங்க. அவ்வளவுதான். மூணு மணிக் குளி, மூணரைக்குத் தொடங்கியிருந்தா என்னண்ணு நெனச்சுப் பாக்க எனக்குத் தைரியம் இல்ல.

வெளிய வந்து, அந்த மழையிலயே ஏணியச் சாத்தி ஏறி, பிளாஸ்டிக்க எல்லையில இருந்து தெக்க முனை வர ஒரே இழுப்பா இழுத்தேன். பலகையும் கூட வந்துது. நாலு வருசம் உளுத்தது பூரா கஞ்சி மாதிரி எனக்கத் தலையில கொட்டுச்சு. கழுக்கோல் முனையெல்லாம் கறுத்து, பஞ்சு போலத் தொங்குது. எல்லாரும் பாத்தாங்க. எனக்கப் பொண்டாட்டி வாயப் பொத்திட்டு நின்னா. மேல நின்னுட்டே சொன்னேன், எனக்க வேலதான், அண்ணைக்கே பாத்தேன், சொல்லல்லேண்ணு.

அண்ணன் மழையில நனஞ்சுட்டு நின்னான். திரும்பி, முட்டப் பிடிச்சுட்டு உள்ள போனான்.

பிள்ளையையும் கொழந்தையையும் எங்க பக்கத்து மேக்கு அறையில கெடத்துனோம். எனக்கச் செவரு காஞ்சு கெடந்துது, சவத்துச் செவரு. ரெண்டு நாள்தான். விசயம் கேட்டு அவளுக்க மாமியாரு கார் பிடிச்சு வந்தாங்க. நல்லவங்கதான், ஒரு கெட்ட வார்த்த பேசல்ல. கட்டில் மேல கெடந்த செங்கல்ல ஒரு பார்வ பாத்தாங்க. அப்புறம் பேரப்பிள்ளைக்க உடுப்பெல்லாம் மடக்கிப் பையில வச்சாங்க. தொண்ணூறு நாளு இருக்க வேண்டிய பிள்ள, இருவத்தேழாம் நாளு போனா. கார்ல ஏறும்போ அண்ணன்கிட்ட கொழந்தையக் குடுத்தாங்க. அவன் வாங்குனான், நெத்தியில ஒருக்கா மூக்க வச்சான், திருப்பிக் குடுத்தான். பிள்ள அழுதா. என்னப் பாக்காமலே சன்னல் கண்ணாடிய ஏத்துனா.

அப்புறமும் அண்ணன் பேசல்ல. மாட்டுக்கிட்ட கூட பேசல்ல. எனக்கு அதுதான் பைத்தியம் பிடிச்சுது. அடிக்கணும், ஏசணும், அந்தச் சாயா கடயில ஊரக் கூட்டி எனக்க மானத்த வாங்கணும். வாங்குறதுக்கு அவனுக்கு எல்லா உரிமையும் உண்டு, வாங்கித் தொலைய வேண்டியதுதானே. அவன் என்னண்ணா, தார்ப்பாயால அந்த ஓட்டைய மூடிட்டு, அந்த நாற்காலியில இருந்து மழையப் பாத்துட்டு இருக்கான். நான் முத்தத்துல அங்கயும் இங்கயும் நடப்பேன். ஒரு நாள் அவன் கேக்கணும்ணே, எனக்கக் காலுல செங்கல்லப் போட்டுக்கிட்டேன். அப்பிடியும் தலை நிமிரல்ல.

மழ விட்ட அஞ்சாவது நாள் ஆசாரி வந்தாரு. கூடு போதும்ணு சொன்ன அதே ஆசாரி. பழச எடுத்து என்ன சொல்லப் போறாருண்ணு நான் தலையக் குனிஞ்சு நின்னேன். அவரு பெரிய மனுசன், கண்ணு மட்டும் சிரிச்சுது. பத்து கழுக்கோல் முனை வெட்டி ஒட்டு போடணும், பலக புதுசு போடணும்ணாரு. அப்புறம் கேட்டாரு, ரெண்டு பலகையாப் போட்டு எல்லையில சேக்கவா, இல்ல பழசு மாதிரி ஒத்தப் பலகையாப் போடவாண்ணு. அண்ணனுக்கப் பாதி நல்லாத்தானே இருக்கு, அத ஏன் எடுக்கணும்ணு நான் சொன்னேன், எனக்கப் பாதிய மட்டும் மாத்துனாப் போதும், சேருற எடத்துல ஒரு தகரம் அடிச்சிரலாம்ணு.

பின்னால இருந்து சத்தம் வந்துது.

"தகரம். இன்னும் தகரமா லேய் உனக்கு."

நாலு வருசத்துக்குப் பொறவு எனக்கு வந்த முதல் வார்த்த. அண்ணன் எந்திச்சு நின்னுட்டான், முட்டப் பிடிக்காம.

"சேந்த எடத்துலதான் லேய் வெள்ளம் எறங்கும், அது கூடத் தெரியாத மூதி, நாலு வருசம் எனக்கச் செவத்துல மூத்திரம் விட்டுட்டு நிக்கிறான், கேட்டாக் கோழிகிட்டப் பேசுறான். எனக்கப் பேரன ஒரு நாளு இந்த முத்தத்துல வெயில் காட்ட முடிஞ்சுதா எனக்கு?"

அதுல தொடங்குனான். எனக்க ரெண்டாங்கிளாசச் சொன்னான். அப்பா இருக்கும்போ நான் தொலச்ச ஆட்டச் சொன்னான். எனக்கக் கல்யாணத்துல நான் வாந்தி எடுத்ததச் சொன்னான். அந்தக் கத்தியோட வந்து நின்னதச் சொன்னான், அந்த ஏணியில நின்னு செவரு நிக்கும்ணு சொன்னதச் சொன்னான், அதச் சொல்லி முடிச்சு, இருமிட்டு மறுபடி முதல்ல இருந்து தொடங்குனான். மைனி வந்து போதும்ணு சொன்னா, அவளையும் ஏசுனான். ஆசாரி பேசாம ஏணியில ஏறி, நல்லா இருந்த பாதியையும் சேத்து ஆணி கழத்தத் தொடங்கிட்டாரு. ஒத்தப் பலகண்ணு அவருக்குப் புரிஞ்சு போச்சு.

எனக்கு எல்லாத்துக்கும் பதில் இருந்துது. அந்த ஆட்டத் தொலச்சது நான் இல்ல, அவன்தான். அதயும் விழுங்குனேன். உடஞ்ச செவத்துக்கிட்ட குனிஞ்சு, நல்ல செங்கல்லப் பொறுக்கி, மண்ணு தட்டி அடுக்கத் தொடங்குனேன். அவன் நாற்காலிய எனக்கிட்ட இழுத்துப் போட்டு உக்காந்து, ஒவ்வொரு செங்கல்லுக்கும் ஒண்ணுண்ணு ஏசிட்டு இருந்தான்.